மலைச் சைக்கிளின் சக்கர விளிம்பு வெடிப்பதேன்?

தோற்றுவாய்

சக்கரத்தை முதன்முதற் கண்டவன் பெயரை உலகம் மறந்துவிட்டது. அவன் செய்த உதவியையோ ஒருநாளும் மறந்ததில்லை. குயவன் திகிரியும், உழவன் வண்டியும், ஊர்கூடி இழுக்கும் தேரும் அவனுடைய கொடையேயாம். நம் நாட்டுத் தச்சர் வண்டிச் சக்கரத்தின் நடுவைக் குடம் என்றும், அதனினின்று விரிந்து செல்வனவற்றை ஆரக்கால் என்றும், அவற்றைச் சூழ்ந்து நிற்கும் வளைமரத்தை வட்டை என்றும் வழங்குவர். இக்காலத்துச் சைக்கிளிலும் இம்மூன்று உறுப்புகளே உள்ளன. குடம் ஹப் ஆயிற்று. ஆரக்கால் ஸ்போக்ஸ் கம்பியாயிற்று. வட்டை ரிம் ஆயிற்று. இவற்றுள் ரிம் என்னும் உறுப்பானது, மலைவழிகளில் ஓடுதற்கென்றே செய்யப்பட்ட சைக்கிள்களில், தன் வாழ்நாள் நிரம்புமுன்னரே வெடித்துப் போவது ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கணமும் இலக்கியமும் பயிலும் மாணவனுக்குச் சைக்கிள் கடை ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். அவர்க்கு யான் கூறத்தக்க விடை, என் சொந்த அனுபவமே.

என்னிடம் இரண்டாண்டுகளாக ஒரு மலைச் சைக்கிள் உண்டு. நாடோறும் கல்லூரிக்கு வருவதும், விடுமுறை நாள்களிற் பாபநாசம் மலையடிவாரம் வரை சென்று மீள்வதும் அதன்மீதேதான். சென்ற மழைக்காலத்திற்குப் பின் அதன் பின்சக்கரம் சிறிது கோணிச் சுழலக் கண்டேன். சாவி கொண்டு கம்பிகளை முறுக்கி நேராக்கினேன். பத்து நாளில் மீண்டும் கோணிற்று, மீண்டும் முறுக்கினேன். இறுகிய சக்கரமே வலிய சக்கரம் என்பது அந்நாளில் என் கொள்கை. மூன்றாம் முறை கோணியபோது, மறுநாட் காலையில் அச்சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைச்சாலையில் இறங்கப்போவதாக என் தம்பி கூறினான். ஏதோ ஓர் ஐயம் உந்த, அன்று மாலையே அதனைத் தெருமுனையில் சைக்கிள் பழுது பார்க்கும் பெரியவரிடம் கொண்டு சென்றேன். அவர் சாவியைத் தொடவேயில்லை. ஈரத்துணியால் ரிம்மைத் துடைத்து, விளக்கை அருகிற் பிடித்து, "இங்கே பாரு தம்பி" என்றார். வலப்பக்கத்து நிப்பிள்களின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் நான்கு தென்பட்டன. "அண்ணாச்சி, எந்தக் கல்லிலும் மோதவில்லையே!" என்று வியந்தேன். "மோதினது நெளியும் தம்பி, இழுத்ததுதான் வெடிக்கும்" என்றார் அவர்.

நூற்பாப் போன்ற அவ்வொரு தொடருக்கு உரை காணும் முயற்சியே பின்வருவது. பௌதிக வகுப்பு ஆசிரியர் ஒருவரும், நூல் நிலையத்து நூல்கள் சிலவும் இம்முயற்சிக்குத் துணை நின்றன.

மலைச் சைக்கிளின் பிறப்பு

மலைச் சைக்கிள் பழம்பொருளன்று. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா மாகாணத்தில், மேரின் வட்டாரத்து இளைஞர் சிலர், பருமனான டயர்களையுடைய பழைய சைக்கிள்களை மலைமீது கொண்டுபோய், கரடுமுரடான காட்டுப்பாதைகளில் விரைந்து இறங்குவதை விளையாட்டாகக் கொண்டனர். 1976ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், பேர்பாக்ஸ் என்னும் ஊரையடுத்த மலைப்பாதையில் அவர்கள் முதற் பந்தயம் நடத்தினர். ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவிற்குள் 1,300 அடி இறங்கும் பாதை அது. இறங்கி முடிவதற்குள் பிரேக் பிடித்த ஹப்பின் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மறுமுறை ஓட்டுதற்குமுன் புதுக் கிரீஸ் அடைத்தல் வேண்டும். அதனாலேயே அப்பந்தயத்திற்கு 'ரீபேக்', அதாவது 'மீண்டும் அடைத்தல்', என்னும் பெயர் உண்டாயிற்று. 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இவ்வோட்டத்திற்கென்றே தனிச் சட்டம் ஒன்றை அமைத்தார். 1981இல் இவ்வகைச் சைக்கிள் தொழிற்சாலையிற் பெருவாரியாகச் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியிலும் இடம்பெற்றது.

முதல்வர்கள் ஓட்டிய சைக்கிள்களின் ரிம் எஃகினால் ஆயது, கனமானது. மலையேறுவோர்க்குக் கனம் பகையாதலின், பின்னர் அலுமினியக் கலவை ரிம்கள் வந்தன. ஒரே உருவுடைய நீண்ட அலுமினியப் பட்டையை அச்சுத்துளை வழியே பிதுக்கி எடுத்து, வளையமாக வளைத்து, இரு முனைகளையும் பொருத்திக் கம்பிகளுக்குத் துளையிடுவர். இதுவே இன்றும் பெரும்பான்மையான மலைச் சைக்கிள்களின் ரிம். கனம் குறையக் குறைய உலோகத்தின் தடிப்பும் குறைந்தது. நம் ஆராய்ச்சி இவ்வலுமினிய ரிம்மைப் பற்றியதே.

சக்கரத்தின் அமைதி

மாட்டுவண்டிச் சக்கரத்தில் பாரமானது குடத்தினின்று கீழிறங்கி, அடியிலுள்ள ஆரக்காலைத் தூண்போல் அழுத்தி, நிலத்தைச் சேரும். சைக்கிள் கம்பியோ ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் பருமனே உடையது. அது தூணாக நிற்கமாட்டாது. நிறுத்தி அழுத்தினால் வளைந்துபோம். ஆயினும் இழுத்தால் எளிதில் அறாது. இவ்வியல்பைக் கருதி, இழுத்துக் கட்டிய கம்பிகளாற் சக்கரம் அமைக்கும் கருத்தை ஆங்கில அறிஞர் ஜார்ஜ் கேலி 1808ஆம் ஆண்டிலேயே கண்டார். கம்பிகளைக் குடத்தினின்று நேரே செலுத்தாமல் சாய்வாகப் பின்னும் முறைக்கு ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் உரிமை பெற்றார். இன்றைய சைக்கிள் சக்கரம் அவ்வழியில் வந்ததே.

ஆகவே, ஒருவரும் ஏறாமற் சுவரிற் சாய்ந்து நிற்கும் சைக்கிளின் சக்கரமும் ஓய்ந்திருப்பதன்று. 32 கம்பிகளையுடைய ஒரு சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் 100 கிலோ இழுவிசையில் நிற்பதாகக் கொள்வோமாயின், எல்லாக் கம்பிகளும் சேர்ந்து ரிம்மைக் குடத்தை நோக்கி 3,200 கிலோ அளவிற்கு இழுக்கின்றன. அதனால் ரிம்மின் வளையம் தன்னுள்ளேயே 500 கிலோவிற்குச் சற்று மேற்பட்ட அமுக்கத்தைத் தாங்கி நிற்கிறது. சில நூறு கிராம் எடையே உள்ள ஒரு வளையம் இத்துணை விசையை அல்லும் பகலும் தாங்குவது வியப்பிற்குரியதன்றோ?

இனி, ஒருவர் ஏறி ஓட்டுங்கால் நிகழ்வதைக் காண்போம். பாரத்தை மேலுள்ள கம்பிகள் தொங்கவிட்டுத் தாங்குகின்றன என்று பலரும் எண்ணுவர். உண்மை அஃதன்று. நிலத்தைத் தொடும் பகுதிக்கு நேர்மேலுள்ள சில கம்பிகளின் இழுவிசை சிறிது குறைகிறது. ஏனைய கம்பிகள் பெரிதும் மாறுவதில்லை. ஜாப்ஸ்ட் பிராண்ட் என்னும் பொறியாளர் 1981இல் வெளியிட்ட சைக்கிள் சக்கரம் பற்றிய நூலில் இதனைக் கணக்கிட்டு விளக்கினார். எனவே, சக்கரம் ஒருமுறை சுழன்றால் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து மீண்டும் இறுகும். அக்கம்பி புகுந்த துளையின் ஓரமும் அவ்வாறே ஒருமுறை நெகிழ்ந்து ஒருமுறை இழுபடும். இதுவே நம் ஆராய்ச்சியின் உயிர்நிலை.

வெடிப்பின் காரணம்

இரண்டு ஆண்டுகளில் என் சைக்கிள் ஓடிய தொலைவு ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர். 26 அங்குலச் சக்கரம் ஒருமுறை சுழன்றால் இரண்டு மீட்டருக்குச் சற்று மேலாகச் செல்லும். அக்கணக்கின்படி அந்த ரிம்மின் ஒவ்வொரு துளையும் 24 இலட்சம் முறை நெகிழ்ந்து இழுபட்டிருக்கிறது.

மயிற்பீலியேயாயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்தைத் திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில் நாமெல்லாம் படித்திருக்கின்றோம். அது பாரம் மிகுதலால் வரும் முறிவு. ஈண்டு நாம் காண்பது வேறு. பாரம் அளவிற்குட்பட்டதே, ஒருமுறை வந்தால் ஒன்றுஞ் செய்யாதது, பல இலட்சம் முறை வந்தமையால் மட்டுமே முறிப்பது. இதனை உலோகச் சோர்வு என்பர்.

இச்சோர்வை உலகம் அறிந்தது பெருந்துன்பங்களின் வாயிலாகவே. 1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், பிரான்சு நாட்டில் வெர்சேல்ஸ் நகரினின்று பாரிசுக்குச் சென்ற புகைவண்டியின் எஞ்சின் அச்சு முறிந்தது. ஐம்பதின்மருக்கு மேல் மாண்டனர். அச்சுகள் பன்னாள் நன்றாக ஓடிப் பின் ஒருநாள் முறிவது ஏன் என்பதைப் புருசிய நாட்டு ஆகஸ்ட் வோலர் பல்லாண்டு சோதனை செய்து, திரும்பத் திரும்ப வரும் சிறுவிசையின் ஆற்றலை நிறுவினார். 1954இல் காமெட் என்னும் விமானங்கள் இரண்டு மூன்று மாத இடைவெளியில் மத்தியதரைக் கடலில் வீழ்ந்தன. அவ்வகை விமானத்தின் உடலை நீர்த்தொட்டியில் வைத்து, காற்றழுத்தத்திற்கு ஈடான அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் ஆராய்ந்தபோது, அலுமினியத் தகட்டிற் சாளரத்திற்கென வெட்டிய திறப்பின் ஓரத்திலிருந்து வெடிப்புப் புறப்பட்டது தெரியவந்தது.

விமானத்திற் சாளரத்தின் ஓரம்; ரிம்மிற் கம்பித் துளையின் ஓரம். இரண்டிற்கும் பொதுவானது திறப்பு. இழுபடும் தகட்டில் வட்டத்துளை ஒன்று இருப்பின், அதன் ஓரத்தில் விசைச்செறிவு மற்ற இடத்தைப்போல் மும்மடங்காகும் என்று கிர்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1898இற் கணித்துக் காட்டினார். மேலும், எஃகிற்கு ஒரு வரம்பு உண்டு; அவ்வரம்பிற்குக் கீழ்ப்பட்ட விசை எத்தனை முறை வரினும் எஃகு சோர்வதில்லை. அலுமினியத்திற்கு அத்தகைய தெளிந்த வரம்பு இல்லை. ஆதலின் அலுமினிய ரிம் எதுவும் என்றேனும் ஒருநாட் சோர்வதே. நம் கேள்வி அந்நாள் ஏன் விரைந்து வருகிறது என்பதே. அதற்குக் காரணங்கள் பலவாம்.

முதலாவது, மிகையிறுக்கம். அடிப்படை இழுவிசை கூடினால், துளையின் ஓரம் எப்பொழுதும் தன் எல்லையை ஒட்டியே நிற்கும். மேலும் வரும் சிறு மாறுதல்களைத் தாங்க இடமிராது. முன்னாளில் ரிம்கள் ஆழமற்றவையாக இருந்தன. அளவுக்கு மேல் இறுக்கினால் அவை நெளிந்து, "போதும்" என்று கூறிவிடும். பிராண்ட் தம் நூலிற் கூறிய முறையும் அதுவே: ரிம் நெளியத் தொடங்கும்வரை இறுக்கிப் பின் அரைச்சுற்றுத் தளர்த்துதல். இக்காலத்து ரிம்களோ பெட்டிபோல் உட்கூடும் ஆழமும் உடையன, ஆகவே நெளிவதில்லை. நெளியாமையை வலிமையென்று கருதி நாம் மேன்மேலும் முறுக்குகிறோம். அவை அன்று வாய்திறவாது நின்று, பல மாதங் கழித்து வெடிப்பினால் விடை கூறுகின்றன.

இரண்டாவது, இரு பக்கமும் ஒவ்வாமை. பின்சக்கரத்தின் வலப்பக்கத்திற் பற்சக்கரங்கள் அடுக்காக நிற்கின்றன. அவற்றிற்கு இடம்விட வேண்டி, வலப்பக்கக் கம்பிகள் நிமிர்ந்து செல்லும். இடப்பக்கக் கம்பிகள் சாய்ந்து செல்லும். ரிம் நடுவில் நிற்கவேண்டுமாயின் நிமிர்ந்த கம்பிகளை மிகுதியாக இழுத்தாக வேண்டும். அதனால் இடப்பக்கத்து இழுவிசை வலப்பக்கத்தின் பாதிக்குச் சற்று மேற்பட்டதாகவே பெரும்பாலும் அமைகிறது. என் ரிம்மில் வெடிப்பு நான்கும் வலப்பக்கத்தே நின்றது தற்செயலன்று. தட்டுப் பிரேக் உள்ள முன்சக்கரத்தில் இதே குறை, தட்டு நிற்கும் இடப்பக்கத்தில் உண்டாகும்.

மூன்றாவது, துளையின் அமைப்பு. கம்பி சாய்ந்து செல்வது. துளையோ சில ரிம்களில் நேராக இடப்படுவது. அப்பொழுது நிப்பிளின் தலை துளையின் ஒரு பக்கத்தை மட்டும் அழுத்தும். சில ரிம்களில் துளைதோறும் சிறு உலோகக் கண்வளையம் பதித்திருப்பர். அது விசையைப் பரப்பித் தாங்கும். கனத்தையும் விலையையும் குறைக்க அதனை நீக்கினால், அவ்விடத்தில் உலோகத்தைத் தடிப்பாக விட்டிருத்தல் வேண்டும். அதுவும் இன்றேல் வெடிப்பு விரைந்து வரும்.

நான்காவது, மேற்பரப்பு. அழகிற்காகவும் உராய்வைத் தாங்குதற்காகவும் சில ரிம்களுக்குத் தடித்த கடின ஆக்சைடுப் பூச்சு ஏற்றுவர். அப்பூச்சு ஓடுபோல் நொறுங்குந் தன்மையது. அதில் எழும் நுண்கீறல் அடியிலுள்ள உலோகத்திற்கும் வழிகாட்டிவிடும். உப்புக்காற்றும், கழுவப்படாத சேறும், அம்மோனியா கலந்த சில டயர்ப் பசைகளும் துளையோரத்தை அரித்து அவ்வேலையையே செய்யும்.

ஐந்தாவது, டயரின் காற்று. பருத்த டயரில் மெல்லிய டயருக்குரிய அழுத்தத்தில் காற்றடைத்தல் கூடாது. அழுத்தம் ஒன்றாயினும், டயர் பருக்கப் பருக்க ரிம்மின் பக்கச்சுவர்களைப் புறந்தள்ளும் விசை மிகும். இதனால் வரும் வெடிப்பு நிப்பிளின் அடியில் தோன்றாமல், ரிம்மின் சுவரோரமாக நீளவாட்டில் ஓடும்.

கல்லில் மோதுதலோ இவற்றுள் ஒன்றன்று. அது விளிம்பை நசுக்கும், சக்கரத்தை நெளிக்கும். பெரியவர் கூறியது இதனையே.

அறியுமாறு

வெடிப்பு வருமுன் சக்கரம் குறி காட்டும். நேராக்கிய சக்கரம் சில நாளில் அதே இடத்தில் மீண்டும் கோணுமாயின், அது முதற் குறி. ஒரு கம்பி மட்டும் எத்தனை முறை முறுக்கினும் தளர்ந்தே நிற்பது இரண்டாங் குறி. கம்பி தளரவில்லை, அது பற்றிநிற்கும் உலோகம் அதனோடு எழுந்து வருகிறது. நிப்பிளைச் சுற்றி ரிம் சிறிது புடைத்திருப்பதும், மிதிக்கும்போது சக்கரத்தில் 'டிக்' என்னும் ஒலி எழுவதும் ஏனைய குறிகள்.

மாதம் ஒருமுறை ரிம்மை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, துளைதோறும் நோக்குதல் நன்று. பட்டையைப் பிதுக்கி எடுத்த வாட்டத்திலேயே வெடிப்பும் பெரும்பாலும் ஓடுமாதலின், துளையின் முன்னும் பின்னும், அதாவது ரிம்மின் நீளவாட்டில், தேடுக. முதலில் வலப்பக்கத் துளைகளைப் பார்க்க.

இழுவிசையின் ஒப்புமையைச் செவியாலும் அறியலாம். யாழ் நரம்பிற்கு உள்ள விதியே கம்பிக்கும் உண்டு: இழுவிசை நான்கு மடங்கானால் சுருதி இரு மடங்காகும். ஒரே பக்கத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தெறித்தால் ஏறக்குறைய ஒரே சுருதி எழல் வேண்டும். வலப்பக்கத்தை இடப்பக்கத்தோடு ஒப்பிடலாகாது. உண்மையான அளவு வேண்டுவோர் டென்ஷன் மீட்டர் என்னும் கருவியைக் கொள்க.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் நலம். கம்பிகள் அடிக்கடி முறியுமாயின் பெரும்பாலும் இழுவிசை குறைவென்றோ ஒவ்வாதென்றோ ஐயுறுக. ரிம் வெடிக்குமாயின் மிகையிறுக்கத்தை ஐயுறுக. இரண்டையும் ஒன்றெனக் கருதி, எதற்கும் முறுக்குதலே மருந்தெனக் கொண்டதுதான் யான் செய்த பிழை.

தீர்க்குமாறு

வெடித்த ரிம்மிற்கு மருத்துவம் இல்லை. பற்றவைத்தால், வெப்பத்தாற் பதப்படுத்திப் பெற்ற அலுமினியத்தின் வலிமை அவ்விடத்திற் கெடும். மேலும் முறுக்கினால் வெடிப்பு வளரும். தளர்த்தினால் சக்கரம் உருக்குலையும். சிறு வெடிப்புத்தானே என்று மலைச்சாலையில் இறங்குதல் உயிரோடு விளையாடுவதாகும். ஒரு நிப்பிள் பிய்த்துக்கொண்டு வந்தால், அதன் பங்கு அண்டைத் துளைகளின்மேல் ஏறும், அவையும் முன்னரே சோர்ந்தவை. ஆதலின் ரிம்மை மாற்றுதல் ஒன்றே வழி.

மாற்றுதல் பெருஞ்செலவுடையதன்று. ஹப்பும் கம்பிகளும் நன்னிலையில் இருப்பின், கம்பி சென்று பற்றும் விட்டமும் துளைகளின் எண்ணும் வரிசையும் பழையதை ஒத்த புது ரிம் ஒன்றை வாங்கி, பழையதன் பக்கத்தில் துளையொடு துளை பொருந்த வைத்து நாடாவாற் கட்டி, கம்பிகளை ஒவ்வொன்றாகப் பழையதினின்று புதியதற்கு மாற்றலாம். பின்னல் கலையாது. நிப்பிள்களைப் புதியனவாகக் கொண்டு, மரைக்குச் சிறிது எண்ணெய் இட்டு முடுக்குக.

புது ரிம் வாங்குங்கால் எடை ஒன்றையே பார்த்தலாகாது. பின்சக்கரத்திற்குச் சற்றுக் கனமான ரிம்மே தக்கது. துளைகளை நடுவினின்று ஒருபுறம் ஒதுக்கியிட்ட ரிம்களும் உள்ளன. அவை இரு பக்கத்து இழுவிசை வேறுபாட்டைக் குறைக்கும். செய்தவர் குறித்துள்ள மிகவுயர்ந்த இழுவிசை எவ்வளவு என்பதை அறிந்து அதற்குட்பட்டே இறுக்குக. எல்லாவற்றினும் மேலாக, ஒரு பக்கத்துக் கம்பிகள் யாவும் ஒத்த இழுவிசையில் நிற்கச் செய்க. ஒன்று மிக இறுகி ஒன்று தளர்ந்து நிற்கும் சக்கரம், கண்ணுக்கு நேராகத் தோன்றினும், நெடுநாள் நில்லாது.

முடிவுரை

அன்று மாலை பெரியவர் என் சைக்கிளைத் திரும்பத் தரவில்லை. "புது ரிம் வரட்டும், அதுவரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும்" என்று கூறிச் சக்கரத்தைக் கழற்றிக் கடையின் உட்சுவரில் மாட்டிவிட்டார். தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒரு வாரங் கழித்து, புது ரிம் பூட்டிய சைக்கிளில் அவன் பாபநாசம் சென்று நலமே மீண்டான்.

கழற்றிய பழைய ரிம் இன்னும் என் அறையில் இருக்கிறது. கல்லில் மோதிய தழும்பு ஒன்றேனும் அதில் இல்லை. நான்கு துளைகளின் ஓரத்தில் மட்டும், என் கை முறுக்கிய முறுக்கின் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. சைக்கிள் வைத்திருக்கும் மாணவ நண்பர்கள் இக்கட்டுரையைப் படித்து முடித்ததும், வண்டி நிற்குமிடத்திற்குச் சென்று, துணி ஒன்றை நனைத்துத் தம் பின்சக்கரத்தின் வலப்பக்கத்தை ஒருமுறை துடைத்துப் பார்ப்பார்களாயின், அதுவே இவ்வுரைக்குப் போதிய பயனாகும்.